கடற்கரையில் தங்கிப் படிப்பது

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

மன்னார் வளைகுடாக் கரையில், மண்டபம் என்னும் ஊருக்கு அருகில், பள்ளி மாணவர்கள் ஐந்து நாள் தங்கிப் படிக்கும் கடல் அறிவியல் முகாம்களை ஒருங்கிணைக்கும் பொறுப்பு என்னுடையது. அப்படி ஒரு முகாமை எவ்வாறு திட்டமிட்டு நடத்துகிறோம் என்று பேசுமாறு நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். மாணவர்களை அழைத்துவர எண்ணும் ஆசிரியர்களும், பிள்ளையைக் கடலோரம் தங்க அனுப்பலாமா என்று தயங்கும் பெற்றோரும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்ற நினைப்பிலேயே பேசுகிறேன்.

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் கரையை ஒட்டிக் கிடக்கும் 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடலையும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டர் பரப்பை 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989-இல் அதையும் உள்ளடக்கிய 10,500 சதுர கிலோமீட்டர் கடற்பகுதி உயிர்க்கோளக் காப்பகமானது. பவளப்பாறை, கடற்புல் தரை, அலையாத்திக் காடு ஆகிய மூன்றையும் ஒரே வட்டாரத்தில் பார்க்க முடிகிற கரை இது. நம் மாணவர்கள் பதினோராம் வகுப்பு விலங்கியல் புத்தகத்தில் படிக்கும் பலனோகிளாசஸ் என்னும், மணலில் புதைந்து வாழும் புழு போன்ற உயிரி, இங்குள்ள குருசடைத் தீவின் பெயரோடு சேர்த்தே பல தலைமுறைகளாகக் கற்பிக்கப்பட்டு வருகிறது. இவ்வளவு வளமான இடத்தில் முகாம் நடத்துவோர்க்கு எழும் முதல் ஆசை, ஐந்து நாளில் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்பதுதான். அந்த ஆசையை அடக்குவதே நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரின் முதல் கடமை என்று நான் கருதுகிறேன்.

காலையில் பேருந்தில் வந்து மாலையில் திரும்பும் மாணவர்களும் கடலைப் பார்க்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த ஒரு நாளில் அது எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையை மட்டுமே பார்க்கிறார்கள். தங்கிப் படிக்கும் மாணவருக்குக் கிடைக்கும் பெரும் பேறு, ஒரே துண்டுக் கரையை நீர் வற்றிய வேளையிலும் ஏறிய வேளையிலும், வெயிலிலும் இருட்டிலும் திரும்பத் திரும்பப் பார்க்க முடிவதாகும். உணவு, உறக்கம், படகு, பணியாளர், செலவு என்று நாங்கள் செய்யும் ஏற்பாடுகள் யாவும் இந்த ஒன்றைக் காப்பாற்றுவதற்காகவே இருக்க வேண்டும்.

நேர அட்டவணையிலிருந்து தொடங்குகிறேன். இந்தக் கரையில் கடல் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு என்றாலும், தரை மிகச் சாய்வின்றி இருக்கும் இடங்களில் அந்தச் சிறு வேறுபாடே அகலமான ஒரு சேற்றுமணல் வெளியைத் திறந்து காட்டிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் நன்றாக வற்றும். அட்டமியை ஒட்டிய நாட்களில் அவ்வளவு வற்றாது. அதோடு, வற்றும் நேரம் நாள்தோறும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். முகாமின் முதல் நாள் காலை 6 மணிக்கு நீர் வற்றுமானால், ஐந்தாம் நாள் அது 9.20 மணியை ஒட்டித்தான் வற்றும். பள்ளிக்கூட மணியைப் போல எல்லா நாளும் 8 மணிக்குச் சிற்றுண்டி, 9 மணிக்கு வகுப்பு என்று எழுதி ஒட்டினால், கரை வெறுமையாகத் திறந்து கிடக்கும் நேரத்தில் பிள்ளைகள் அறைக்குள் படம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே எங்கள் அட்டவணை, இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும், கடல் ஏறி வற்றும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதப்படுகிறது. எங்கள் அட்டவணையின் முதல் பிரதி சமையல்காரருக்குப் போகும். விடியுமுன் கரைக்கு இறங்கும் நாளில் பிள்ளைகளுக்குச் சுக்குக் காப்பியும் வாழைப்பழமும் கொடுத்து, திரும்பி வந்தபின் 9 மணிக்கு இட்லி பரிமாற அவர் ஆயத்தமாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் சமையற்கட்டின் ஒத்துழைப்பு இல்லாத முகாமில் அறிவியலும் நேரத்துக்கு நடக்காது என்பதை நான் உறுதியாகச் சொல்வேன்.

கரையில் என்ன செய்கிறோம்? பிளாஸ்டிக் குழாய்களை இணைத்து, அரை மீட்டருக்கு அரை மீட்டர் அளவில் செய்த ஒரு சதுரச் சட்டத்தை நான்கு மாணவர் கொண்ட ஒவ்வொரு குழுவுக்கும் கொடுக்கிறோம். அவர்கள் தேர்ந்த இடத்தில் அதை வைத்து, அதற்குள் காண்பதை எழுத வேண்டும். ஐந்து நாளும் அவர்களுக்கு அதே இடம்தான். முதல் நாள் பெரும்பாலான குழுக்கள் "மணல், சிறிது பாசி, இரண்டு சிப்பி" என்று எழுதிவிட்டு நிமிர்ந்துவிடும். அப்போது பயிற்றுநர் எதையும் சுட்டிக்காட்டக் கூடாது என்பது எங்கள் விதி. மறுநாள் அதே சட்டத்தின் அருகில் குந்தியிருக்கும்போது, சங்கு ஒன்று நகர்வதும், அதற்குள் இருப்பது துறவி நண்டு என்பதும் தெரிகிறது. இரவில் கைவிளக்கின் மேல் சிவப்புத் தாள் சுற்றிக்கொண்டு போனால், பகலில் வெறும் துளைகளாக இருந்தவற்றின் வாயில் நண்டுகள் நிற்கின்றன. நான்காம் நாள், பற்பசையைப் பிதுக்கிவிட்டது போன்ற மணல் சுருள்களை யாராவது ஒரு மாணவி கண்டுபிடித்து, இது யாருடைய வேலை என்று கேட்பாள். பலனோகிளாசஸ் அப்படிச் சுருள் போடும்; கரைமணலில் வாழும் சில வளைதசைப் புழுக்களும் அப்படிப் போடும். தோண்டிப் பார்க்க அனுமதி இல்லை. சுருளின் தடிமன், அருகில் பள்ளம் உண்டா இல்லையா, மணலின் நிறம், நீர்மட்டத்திலிருந்து அதன் தொலைவு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, எது பொருந்தும் என்று அவர்களே வாதாட வேண்டும். வாதம் முடிவு காணாமலே போவதும் உண்டு. முடிவு காணாத குறிப்பையும் அப்படியே எழுதிவைக்கச் சொல்கிறோம்.

எடுத்துச் செல்லக் கூடாது என்ற கட்டுப்பாடு பற்றி ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். முன்பெல்லாம் கல்லூரி மாணவர்கள் இந்தக் கரைக்கு வந்து, ஆய்வகத்துக்காக உயிரிகளைப் பாட்டிலில் அடைத்துக்கொண்டு போவது வழக்கமாக இருந்தது. தேசியப் பூங்காவுக்குள் இன்று அதற்கு இடமில்லை. கடல் அட்டை, கடல் குதிரை, பவளம் போன்றவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2001 முதல் பாதுகாக்கப்பட்டவை. இறந்த பவளத் துண்டையும் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. இதனால் கல்வி குறைந்துவிடவில்லை. பாட்டிலுக்குள் போன உயிரி மறுநாள் அதே இடத்தில் என்ன செய்யும் என்பதை யாரும் பார்த்ததில்லை.

பருவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்குள்ள மீனவர்கள் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும், வடக்கிலுள்ள பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் வழங்குகிறார்கள். வாடைக் காலத்தில் வடக்குப் பக்கம் கொந்தளிக்கும்போது தெற்குப் பக்கம் பெரும்பாலும் தணிந்திருக்கும். தென்மேற்குக் காற்று எழுந்ததும் நிலைமை மாறிவிடும். இரண்டு கரைகளும் கைக்கெட்டும் தொலைவில் இருப்பது மண்டபத்தின் தனிச்சிறப்பு. தை, மாசி மாதங்கள் முகாமுக்கு மிகவும் ஏற்றவை. அரையாண்டு விடுமுறையில் புயல் எச்சரிக்கையைக் கவனித்துக்கொண்டு தெற்குக் கரையில் நடத்தலாம். கோடை விடுமுறையில் பிள்ளைகள் எளிதாக வர முடியும் என்றாலும், ஏப்ரல் முதல் ஜூன் வரை நீர் சூடேறிப் பவளங்கள் வெளிறும் காலம் அது. 2010-இலும் 2016-இலும் இங்கே வெளிறிய பவளங்களில் ஒரு பகுதி மீளாமலே மடிந்தது. அத்தகைய வாரங்களில் பவளப் பாறைக்கு மேல் மாணவர்களை நீந்த விடுவதில்லை. அதற்குப் பதிலாகக் காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்கு அழைத்துச் செல்கிறோம். காற்று எதிர்பாராமல் எழும் நாளுக்காக மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மீன் காட்சியகத்தைப் பார்க்கும் ஏற்பாட்டை முன்கூட்டியே செய்து வைத்திருப்போம். கடல் விரால் மீனை இந்தியாவில் முதன்முதலாக 2010-இல் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கச் செய்த இடம் அது என்பதால், அந்த நாளும் வீணாவதில்லை.

பெற்றோரின் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: பாதுகாப்பு. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தின் அலை முன்னறிவிப்பை ஒவ்வொரு நாளும் பார்க்கிறோம். அதற்குப் பின்பும் இறுதிச் சொல் படகோட்டியுடையது. வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டால் ஒருங்கிணைப்பாளரும் அதை மீற முடியாது. நீருக்குள் நான்கு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், முழங்கால் அளவு நீராயினும் மிதவைச் சட்டை, எப்போதும் இருவர் இருவராக, ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணுதல் ஆகியவற்றில் எந்த நாளும் தளர்வு கிடையாது. மணலில் புதைந்து கிடக்கும் திருக்கையை மிதித்துவிடாமல் இருக்க, காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடக்கக் கற்றுக்கொடுக்கிறோம். முள் குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரி செல்சியஸைத் தாண்டாத வெந்நீரில் அந்த இடத்தை அமிழ்த்தி வைத்தபடி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்காகவே வெந்நீர்க் குடுவை படகில் ஏறாமல் படகு புறப்படாது. பெண் பிள்ளைகள் தங்கும் கட்டடத்தில் இரவெல்லாம் பெண் பொறுப்பாளர் இருப்பார். மாதவிடாய் நாளில் நீரில் இறங்க விரும்பாத மாணவி காரணம் சொல்ல வேண்டியதில்லை. படகில் அமர்ந்து நீரின் வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் பதிவுசெய்யும் பணி அவளுக்காகக் காத்திருக்கும்.

இந்த முகாமில் எனக்கு மிகவும் நிறைவு தரும் பகுதி, கடற்பாசி எடுக்கும் பெண்கள் வந்து பேசும் பிற்பகல். சின்னப்பாலம் போன்ற ஊர்களிலிருந்து அவர்கள் தீவுப் பக்கத்துக் கடலில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரைப் பாசியையும் கையால் பறித்து வாழ்கிறார்கள். பாறை கிழித்துவிடாமல் இருக்க விரல் விரலாகத் துணியைச் சுற்றிக் கட்டுவதை ஓர் அக்கா செய்து காட்டும்போது, அதுவரை பேசிக்கொண்டிருந்த பிள்ளைகள் அடங்கிப்போவார்கள். பாசி மறுபடி வளர வேண்டும் என்பதற்காக மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது என்றும், இரும்புக் கருவியால் சுரண்டுவதில்லை என்றும் அந்தப் பெண்களே கூடி முடிவுசெய்தார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீக்காலஜி என்ற பன்னாட்டு அமைப்பின் பரிசு கிடைத்தது. அவர்களைக் கௌரவ விருந்தினர்களாக மேடையில் அமர்த்தி அனுப்பிவிடுவது எனக்கு உடன்பாடில்லை. வகுப்பெடுக்கும் முனைவருக்குக் கொடுக்கும் அதே மதிப்பூதியத்தை அவர்களுக்கும் கொடுக்கிறோம்.

அந்தப் பிற்பகலில் தவறாமல் ஒரு விவாதம் எழும். மூங்கில் மிதவைகளில் வளர்க்கப்படும் காப்பாஃபைகஸ் என்னும் அயல்நாட்டுப் பாசியை, அதன் வளர்ப்பை முதலில் ஊக்குவித்த நிறுவனத்தின் பெயரால் ஊரார் பெப்சிப் பாசி என்றே அழைக்கிறார்கள். பல குடும்பங்களுக்கு அது வருமானம். அதே பாசி குருசடைப் பக்கத்தில் பவளங்களின் மேல் படர்ந்து மூடியதையும் ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். மாணவர்கள் ஒரு பக்கம் சாய்ந்து உடனே தீர்ப்புச் சொல்ல முற்படுவார்கள். பாசி வளர்க்கும் அக்கா எதிரே அமர்ந்திருக்கும்போது அவ்வளவு எளிதாகச் சொல்ல முடிவதில்லை. அறிவியல் கல்வியில் இந்தத் தயக்கத்துக்கு இடம் இருக்க வேண்டும் என்பதனாலேயே இந்த அமர்வுக்கு முடிவு நேரம் குறிப்பதில்லை.

முகாம் முடியும்போது சதுரச் சட்டக் குறிப்புகள் யாவும் ஒரே பதிவேட்டில் ஏறுகின்றன. அடுத்து வரும் பள்ளி, தன் முதல் நாள் வேலையைத் தொடங்குமுன் அந்தப் பக்கங்களைப் படிக்கிறது.

மாணவர்களை அழைத்துவர விரும்பும் ஆசிரியர்களுக்கு நடைமுறையில் ஒரு வேண்டுகோள். விடுமுறை தொடங்கும் நாளைப் பார்க்குமுன் அமாவாசை, பௌர்ணமித் தேதிகளைப் பாருங்கள். தீவுகளின் பக்கம் போக வேண்டுமானால் இராமநாதபுரத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தின் அனுமதி தேவை; மாணவர் பட்டியல், உடன்வரும் ஆசிரியர்களின் பெயர், படகின் விவரம், நாள், நேரம் ஆகியவற்றோடு இரண்டு மாதத்துக்கு முன்பே விண்ணப்பித்துவிடுவது நல்லது. பட்டியலில் ஒவ்வொரு மாணவரின் பெயருக்கு நேராக, அவருக்கு நீந்தத் தெரியுமா, மீனோ நண்டோ ஒவ்வாமை உண்டா, என்ன மருந்து உட்கொள்கிறார் என்ற மூன்றையும் பெற்றோரின் கையொப்பத்தோடு எழுதி அனுப்புங்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு என் நன்றி. வணக்கம்.