பத்து விநாடிக் காகிதம்

அனைவருக்கும் வணக்கம்.

“ஈசிஜி எடுத்தாச்சு, நார்மல்னு சொல்லிட்டாங்க. கேஸ் பிடிப்புதானாம்.” சேலத்தில் எந்தத் தெருவிலும் காதில் விழும் பேச்சு இது. சொல்லிவிட்டு அவர் தறிக்கோ கடைக்கோ போய்விடுகிறார். எனக்கு அடிவயிறு கலங்குகிறது. இதயத்தின் மின்சாரத்தைப் பதியும் அந்த ஈசிஜி காகிதம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில், ஷாக் அடிக்குமோ என்ற பயம் வேண்டாம். இயந்திரம் உடம்புக்குள் கரண்ட் விடுவதில்லை. இதயம்தான் மின்சாரத்தை உண்டாக்குகிறது. இயந்திரம் அதை எழுதிக்கொள்கிறது. வலது மேலறையின் உச்சியில் ஒரு சிறு முடிச்சு இருக்கிறது. ஒவ்வொரு துடிப்பும் அங்கே கிளம்புகிறது. மேலறைகளில் அது பரவும்போது காகிதத்தில் ஒரு சின்ன மேடு விழும். அது ‘பி’ அலை. நடுவிலுள்ள இன்னொரு முடிச்சில் மின்சாரம் சற்றே தாமதிக்கும். மேலறை ரத்தம் கீழே இறங்கி முடிய அந்தத் தாமதம் வேண்டும். அப்புறம் கீழறைகளில் பாயும்போது கூர்மையாக எழுவது ‘கியூஆர்எஸ்’. கீழறைகள் அடுத்த துடிப்புக்குத் தயாராவது ‘டி’.

இந்த எழுத்துகளைச் சூட்டியவர் நெதர்லாந்தின் லைடன் நகரத்து மருத்துவ விஞ்ஞானி ஐந்தோவன். அவர் காலத்தில் நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் வைத்து உட்கார வேண்டும். 1905-லேயே, மருத்துவமனையில் இருந்த நோயாளியின் துடிப்பைத் தொலைபேசிக் கம்பி வழியாகச் சுமார் 1.5 கிலோமீட்டர் தள்ளியிருந்த தன் ஆய்வகத்தில் பதிவு செய்தார். 1924-ல் நோபல் பரிசு பெற்றார்.

இன்று ஒட்டுவது 10 ஒயர்கள். கிடைப்பது 12 படங்கள். சேர்வராயன் மலையைச் சேலத்திலிருந்து பார்த்தால் ஒரு முகம், ஓமலூரிலிருந்து இன்னொன்று, பொம்மிடிப் பக்கம் வேறு. மலை ஒன்றுதான். அப்படித்தான் ஒரே இதயத்தைப் பன்னிரண்டு கோணங்களில் பார்க்கிறோம். அடிப்பக்கத் தசைக்கு ரத்தம் நின்றால் 2, 3, ஏவிஎஃப் என்ற மூன்று படங்களில் தெரியும். முன்பக்கம் என்றால் நெஞ்சில் ஒட்டிய ஒயர்களின் படங்களில்.

காகிதம் விநாடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடும். ஒரு பெரிய கட்டம் 0.2 விநாடி. இரண்டு கூர்முனைகளுக்கு நடுவே எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி, 300-ஐ அதனால் வகுங்கள். நான்கு கட்டம் என்றால் நிமிடத்துக்கு 75 துடிப்பு. இடைவெளி ஒழுங்கில்லாமல் இருந்தால் இந்தக் கணக்கு உதவாது. பத்து விநாடியில் விழுந்த முனைகளை எண்ணி ஆறால் பெருக்க வேண்டும்.

மாரடைப்பில் நாங்கள் முதலில் தேடுவது, கியூஆர்எஸ் முடிந்து டி தொடங்கும் வரை உள்ள சிறு கோட்டை. அது அடிக்கோட்டோடு, அதாவது துடிப்புகளுக்கு நடுவே தட்டையாக ஓடும் கோட்டோடு, சமமாக இருக்க வேண்டும். ரத்தக்குழாய் முழுக்க அடைபட்டால் பெரும்பாலும் மேலே தூக்கிக்கொள்ளும். எடுக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். ஏற்காட்டில் மார்கழிக் காலையில் சட்டையைக் கழற்றிப் படுத்தவர் குளிரில் நடுங்கினால், கோடு முழுக்கப் பொடிப்பொடியாக நடுக்கம் பதியும். அதை வைத்துத் துடிப்பைத் தீர்மானிக்கக் கூடாது. கம்பளி போர்த்தி, உடம்பு சூடேறியபின் மறுபடி எடுக்க வேண்டும். வலது கை ஒயரும் இடது கை ஒயரும் மாறிப்போனால் முதல் படமே தலைகீழாகிவிடும்.

சரி, இவ்வளவு சரியாக எடுத்தாலும் அது பத்து விநாடிப் பதிவுதான். அடைப்பு உண்டாகிக்கொண்டிருக்கும் நேரத்தில்கூட முதல் ஈசிஜி சாதாரணமாக வரலாம். நெஞ்சுவலி தொடர்ந்தால் சிறிது நேரம் விட்டு இன்னொன்று எடுக்க வேண்டும். ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் வேண்டும்; இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் புரதம் அது. “மறுபடி ஒண்ணு எடுக்கணுமா, டாக்டர்?” என்று நீங்களே கேளுங்கள். சுகர் இருப்பவர்களுக்கு வலியே இல்லாமல் வியர்வை, மூச்சுத்திணறல், களைப்பு மட்டும் வரலாம். மலைமேல் இருப்பவர்கள் இன்னும் சீக்கிரம் 108-ஐக் கூப்பிட வேண்டும். ஏற்காட்டிலிருந்து சேலம் வரும் முக்கியப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகளை இறங்க வேண்டும்.

இன்னொன்று: பழைய ஈசிஜியைத் தூக்கிப் போடாதீர்கள். இன்று தெரியும் மாற்றம் புதிதா, பல வருஷமாக இருப்பதா என்று அதோடு ஒப்பிட்டால்தான் தெரியும். வெப்பத்தில் அச்சாகும் அந்தத் தாள் நம் ஊர் வெயிலில் மங்கிவிடும். ஜெராக்ஸ் எடுங்கள், செல்போனிலும் ஒரு படம் பிடித்து வையுங்கள். தேதியும் நேரமும் படத்தில் தெரியட்டும்.