சேர்ந்து சிரித்தவர்தான் இடித்துச் சொல்ல முடியும்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

“இணைய நண்பர்களோடு நகைச்சுவைக் காட்சிகளைப் பகிர்ந்துகொள்வது நட்பை வளர்க்கிறதா, நேரத்தை விழுங்குகிறதா?” என்பது இன்றைய தலைப்பு. வளர்க்கிறது என்ற அணியில் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் வள்ளுவரையே சாட்சிக்குக் கூப்பிட்டார். “நகுதற் பொருட்டன்று நட்டல்” என்றார். சிரித்து மகிழ மட்டும் அல்ல நட்பு, நண்பன் எல்லை மீறும்போது முந்திக்கொண்டு போய் இடித்துச் சொல்லத்தான் என்கிறது அந்த 784-ஆம் குறள். நல்ல கைதட்டலும் வாங்கினார். நடுவர் அவர்களே, அந்தக் குறளை நான் முழுமனதாக ஏற்கிறேன். எங்கள் அணிக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. எப்படி என்று சொல்கிறேன்.

கூடப் படித்தவனோடு பழக நமக்கு ஆயிரம் வழி இருந்தது. ஒரே பேருந்து, ஒரே பெஞ்சு, ஒரே வாத்தியாரிடம் திட்டு. இணையத்தில் கிடைத்த நண்பரிடம் இதில் எதுவுமே இல்லை. ஒருவர் யாழ்ப்பாணத்தில் இருப்பார், ஒருவர் டொராண்டோவில், ஒருவர் திருப்பூரில். “சாப்பிட்டீங்களா” என்று மூன்று நாள் கேட்கலாம். நாலாம் நாள் என்ன பேசுவது? அப்போது ஒருவர் நாகேஷின் தருமி காட்சியை அனுப்புகிறார். இன்னொருவர் கவுண்டமணி, செந்தில் வாழைப்பழக் காட்சியை அனுப்புகிறார். எந்த இடத்தில் யார் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள் என்று தெரியத் தெரிய, எதிரில் இருப்பவர் எப்படிப்பட்டவர் என்பது பிடிபட்டுவிடுகிறது. ஊர், வேலை, வயது எல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

இது கைப்பேசி கற்றுக்கொடுத்த பழக்கம் என்று எதிரணியில் பேசிய தங்கை சொன்னார். இல்லை அம்மா. 1965-இல் வந்த திருவிளையாடலின் வசனத்தைக் கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் குழாய் ஒலிபெருக்கியில் போட்டார்கள். படமே தெரியாது, குரல் மட்டும்தான். தருமி புலம்பப் புலம்பத் தெருவே சிரித்தது. கேட்டவர்களுக்கு அடுத்த வரி முன்பே மனப்பாடம். தெரிந்த நகைச்சுவையைத் திரும்பவும் கூடிக் கேட்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அப்போது தெருவுக்குள் இருந்தது, இப்போது நாடு தாண்டி நடக்கிறது.

சரி, நாடு தாண்டினால் என்ன ஆகும்? 2019 மே மாதக் கடைசியை நினைத்துப் பாருங்கள். பாகிஸ்தானிலிருந்து நடத்தப்படும் ஒரு பொறியியல் முகநூல் பக்கம் ஒரு சுத்தியலின் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. நம்மூர் இளைஞர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு விடவில்லை. ஜமீன் மாளிகையில் பெயின்ட் வேலை பார்த்த கான்ட்ராக்டர் நேசமணியின் மண்டை இதில்தான் உடைந்தது என்றும் எழுதினார். 2001-இல் வந்த பிரண்ட்ஸ் படத்தில் வடிவேலு நடித்த காட்சி அது. உடனே இன்னொருவர், “அவர் இப்போது நலமா?” என்று விசாரித்தார். அவ்வளவுதான். நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள் என்ற வேண்டுகோள் ட்விட்டரில் உலக அளவில் பரவியது. மே 30-ஆம் தேதி டெல்லியில் புதிய அமைச்சரவை பதவி ஏற்கிறது. இங்கே ஒரு கூட்டம் நேசமணியின் உடல்நிலையை விசாரித்துக்கொண்டிருக்கிறது!

யோசித்துப் பாருங்கள் நடுவர் அவர்களே. அந்தக் காட்சி வெளிவந்து அப்போதே 18 வருடம் ஆகியிருந்தது. எந்த நிறுவனமும் விளம்பரம் செய்யவில்லை, யாரும் காசு கொடுக்கவில்லை. அதுவரை ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடர்ந்து, ஒரே கதையைச் சேர்ந்து கட்டினார்கள். ஒருவர் மருத்துவமனை அறிக்கை எழுதினால் இன்னொருவர் அதற்குப் பதில் எழுதினார். தமிழ் தெரியாதவர்கள் வந்து யார் இந்த நேசமணி என்று கேட்டபோது, அந்தக் காட்சியைத் தேடி எடுத்துக் காட்டினார்கள். மலையாளிகளுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. ஏனென்றால் 1999-இல் வந்த மலையாள மூலத்தில் அந்த வேடத்தில் நடித்தவர் ஜகதி ஸ்ரீகுமார். ஒரே சுத்தியல், இரண்டு மொழி. வடிவேலுவா ஜகதியா என்று சண்டை போட்டே நண்பர்களான தமிழர்களையும் மலையாளிகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

சிரிப்பு வந்தது, போனது, நட்பு எங்கே வந்தது என்று கேட்பீர்கள். அதற்கும் பதில் இருக்கிறது. இங்கிலாந்தில் ஆலன் கிரே என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள், 2015-இல் வெளியிட்டார்கள். முன்பின் அறிமுகம் இல்லாத மாணவர்களை நான்கு நான்கு பேராக உட்காரவைத்து, சில குழுக்களுக்கு மேடை நகைச்சுவை, சிலவற்றுக்கு இயற்கைக் காட்சிகள், சிலவற்றுக்குக் கோல்ஃப் பாடம் என்று போட்டுக் காட்டினார்கள். பிறகு, பக்கத்தில் இருப்பவருக்கு உங்களைப் பற்றி எழுதுங்கள் என்றார்கள். சிரித்தவர்கள்தான் தங்கள் சொந்த விஷயங்களை அதிகமாகத் திறந்து எழுதினார்கள். இப்படித் திறந்து எழுதுகிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். அவர்கள் ஒரே அறையில் இருந்தார்கள், நாங்கள் அப்படி இல்லை; ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் கண்டதும் அதேதான்.

ஊரடங்குக் காலத்தில் பழைய நகைச்சுவைக் காட்சிகளுக்காகவே ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தேன். வளைகுடாவில் செவிலியராக வேலை பார்க்கும் ஒரு தோழி அதில் இருக்கிறார். இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. இரவுப் பணி முடிந்து அவர் அறைக்குத் திரும்பும் நேரத்துக்கு யாராவது ஒரு காட்சியைப் போட்டு வைப்போம். முதலில் சிரிப்புப் பொம்மை மட்டும் பதிலாக வரும். பிறகு ஒரு வரி. பிறகு ஒருநாள், தன் வார்டில் அன்று ஒருவர் இறந்துபோனதைப் பற்றி நீளமாக எழுதினார். அம்மாவிடம் சொன்னால் பயப்படுவார்கள், அதனால் உங்களிடம் சொல்கிறேன் என்று எழுதியிருந்தார். அன்றைக்கு யாரும் எந்தக் காட்சியும் போடவில்லை. எல்லோரும் அவரோடு பேசிக்கொண்டிருந்தோம். எதிரணி நண்பர்களே, இதையா நேரத்தை விழுங்குவது என்கிறீர்கள்?

இப்போது 784-ஆம் குறளுக்கு வருகிறேன். நம் பழைய நகைச்சுவையில் நிறத்தைக் கேலி செய்வது உண்டு, உடலைக் கேலி செய்வது உண்டு, மனைவியை அடிப்பதைச் சிரிப்பாகக் காட்டுவதும் உண்டு. எதிரணி சொன்ன குற்றச்சாட்டுகளில் இதுதான் கனமானது. இதை நான் மறைக்கப்போவதில்லை. நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கைத் தொல்காப்பியர் சொன்னார். அதில் எள்ளலை, அதாவது கேலியை மட்டும் பிடித்துக்கொண்டு பிழைத்த காட்சிகள் நிறைய. எங்கள் குழுவில் ஒருவர், கறுப்பான ஒரு பெண்ணைக் கேலி செய்யும் காட்சியைப் போட்டார். திருப்பூர்த் தம்பி ஒருவர் எழுதினார்: “அண்ணே, என் தங்கச்சிய இதே மாதிரி சொல்லித்தான் நாலு பொண்ணு பாக்க வந்தவங்க வேண்டாம்னு போனாங்க. இது வேண்டாமே.” போட்டவர் உடனே எடுத்துவிட்டார். தனியாகவும் பேசி மன்னிப்புக் கேட்டார்.

முன்பின் தெரியாத ஒருவர் அதையே சொல்லியிருந்தால் சண்டைதான் வந்திருக்கும். இணையத்தில் அதைத் தினமும் பார்க்கிறோம். மாதக்கணக்கில் சேர்ந்து சிரித்த தம்பி சொன்னதால் சுருக்கென்று உறைத்தது, உறைத்தாலும் உறவு அறுந்துபோகவில்லை. வள்ளுவர் கேட்ட இடித்துரைத்தல் நடந்தது அங்கேதான். அவரே 999-ஆம் குறளில், சிரித்துப் பழகத் தெரியாதவர்களுக்கு இந்தப் பெரிய உலகம் பகலிலும் இருட்டுத்தான் என்கிறார். எதிரணித் தலைவர் ஒரு குறளைப் பார்த்தார். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக, கண்ணை மூடிக்கொண்டு அனுப்புகிற ஃபார்வர்டுகளைப் பற்றிச் சொன்னார்கள். காலையில் 50 பேருக்கு ஒரே வீடியோவைத் தள்ளிவிடுவதை நானும் ஆதரிக்கவில்லை. வாட்ஸ்அப் நிறுவனமே 2018-இல் இந்தியாவில் ஒரு தடவைக்கு ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஒருவருக்குத்தான் அனுப்பலாம் என்று 2020-இல் இன்னும் இறுக்கியது. நாங்கள் பேசுவது வேறு. நேற்று வேலை போன நண்பனுக்கு இன்று எந்தக் காட்சி சரிப்படும், எது அவன் மனதைப் புண்படுத்தும் என்று யோசித்துத் தேடி எடுத்து, “இதைப் பாருடா, உன் நினைப்புதான் வந்தது” என்று ஒரு வரி சேர்த்து அனுப்புவது. தலைப்பில் உள்ள பகிர்தல் இதுதான்.

ஆகவே, நட்பை வளர்க்கிறது என்றே தீர்ப்பு வழங்கும்படி நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.