எம்.ஜே. கோபாலன்: ஒரு டெஸ்ட்டுக்குள் அடங்காத ஆட்டக்காரர்

அனைவருக்கும் வணக்கம். 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கம் மைதானத்தில் சென்னை அணியும் மைசூர் அணியும் மோதிய ஆட்டம்தான் இந்திய உள்நாட்டுக் கிரிக்கெட் போட்டியான ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம். அதன் முதல் பந்தை வீசியவர், செங்கல்பட்டுப் பகுதியிலுள்ள மொரப்பாக்கத்தில் பிறந்த எம்.ஜே. கோபாலன். மைசூர் 48 ரன்னுக்கும் 59 ரன்னுக்கும் சுருள, ஏ.ஜி. ராம் சிங் 11 விக்கெட்டுகளை அள்ள, சென்னை அணி அன்றைய பொழுது சாய்வதற்குள் இன்னிங்ஸ் வெற்றி பெற்றுவிட்டது. ரஞ்சி பற்றிப் பேசுகிற நாம் இந்தப் பெயரை அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

ஏட்டில் அவருடைய சர்வதேசக் கணக்கு மிகச் சிறியது: ஒரு டெஸ்ட், 18 ரன், ஒரு விக்கெட். 1934 ஜனவரியில் கல்கத்தாவில், ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்து அணிக்கு எதிராக ஆடினார். அடுத்த மாதமே சேப்பாக்கத்தில் முதன்முறையாக டெஸ்ட் நடந்தது. உள்ளூர்க்காரரான அவருக்கு அதில் இடம் இல்லை.

ஆனால் கோபாலன் ஹாக்கியிலும் இந்தியாவுக்காக ஆடியவர். 1935இல் தியான் சந்துடன் நியூசிலாந்து சென்ற அணியில் அவரும் இருந்தார். மறு ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கும் இந்தியக் கிரிக்கெட் அணியின் இங்கிலாந்துப் பயணமும் ஒரே கோடையில் வந்தபோது, அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். தங்கத்தைக் கோட்டைவிட்டவர் என்று அவரைச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். 1932இல்தான் இந்தியா தன் முதல் டெஸ்டையே ஆடியிருந்தது. ஒரே ஒரு டெஸ்ட் ஆடிய வேகப்பந்து வீச்சாளருக்கு இங்கிலாந்துப் பயண அழைப்பு எளிதில் தட்டிக் கழிக்கக்கூடியதல்ல. பிழை அவருடைய முடிவில் இல்லை. விஜயநகரம் மகாராஜகுமார் தலைமையில் பூசலும் பிளவுமாக நடந்த, அணியின் ஆட்டக்காரர் லாலா அமர்நாத்தைப் பாதியிலேயே ஊருக்கு அனுப்பிய அந்தப் பயணத்தில்தான் இருந்தது. மூன்று டெஸ்டுகளில் ஒன்றில்கூடக் கோபாலனுக்கு வாய்ப்புத் தரப்படவில்லை.

தேதியைக் கவனியுங்கள். 1936 ஆகஸ்ட் 15 அன்று பெர்லினில் இந்திய ஹாக்கி அணி ஜெர்மனியை 8–1 என வீழ்த்தித் தங்கம் வென்றது. அதே நாளில் லண்டன் ஓவல் மைதானத்தில் மூன்றாவது டெஸ்ட் தொடங்கியது. அந்தப் பதினொருவரிலும் அவர் இல்லை.

அதற்குப் பிறகு அவர் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடவே இல்லை. பின்னாளில் தேசியத் தேர்வாளராகப் பணியாற்றினார். சென்னைக்கும் இலங்கைக்கும் இடையிலான ஆட்டங்களுக்கு 1950களின் தொடக்கத்தில் கோபாலன் கோப்பை என்று பெயரிட்டார்கள். இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடைத்தது 1981இல்தான். அதற்கு முந்தைய நீண்ட ஆண்டுகளில் அந்நாட்டு ஆட்டக்காரர்கள் முதல்தரக் கிரிக்கெட்டில் தங்களை உரசிப் பார்க்கக் கிடைத்த சில வாய்ப்புகளில் இந்தக் கோப்பையும் ஒன்று.