பயிற்சிக்கு வராத பிள்ளையை அணியை விட்டு நிற்பாட்ட முதல்

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில் இருந்து கதைக்கிறேன், பின்னால் தெரிவது எங்கள் பள்ளிக்கூட மைதானம், காற்று பலமாக இருக்கிறது, இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். வலைப்பந்தாட்டம் பழக்கப் புதிதாக வந்திருக்கிற இளம் ரீச்சர்மார் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. ஒழுங்காகப் பயிற்சிக்கு வராத பிள்ளையை என்ன செய்கிறது? இன்றைக்கு அதைத்தான் கதைக்கப் போகிறேன்.

"பயிற்சிக்கு வராவிட்டால் போட்டி இல்லை" என்ற சட்டம் எல்லா இடத்திலும் இருக்கிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் வன்னியில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால், வீட்டில் பொறுப்பைச் சுமக்கிற பிள்ளைதான் முதலில் வெளியே போகும். அரிவி வெட்டுக் காலத்தில் வராதவள், அம்மா கார்மென்ட் வேலைக்குப் போய் பொழுதுபடத்தான் வீட்டுக்கு வருவார் என்பதால் தம்பி தங்கையைப் பார்க்க நிற்கிறவள், கடைசி பஸ்ஸை விட்டால் காட்டுப் பாதையால் நடக்க வேண்டியவள், இவர்கள்தான் வரவுப் பதிவில் சிவப்புக் கோடு வாங்குகிறவர்கள். அதனால் தண்டிக்க முதல் கேளுங்கள். எல்லாருக்கும் முன்னால் வைத்துக் கேட்காதீர்கள், தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

எங்கள் கோல் கீப்பர் அப்படித்தான், கிழமையில் பாதி நாள் வரமாட்டாள். கேட்டால் தம்பி ஆண்டு இரண்டு படிக்கிறான், பார்க்க ஆள் இல்லை. சரி, அவனையும் கூட்டிக்கொண்டு வா என்றேன். வலைப்பந்தில் பந்தைக் கையில் மூன்று வினாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, தெரியும்தானே. அந்தச் சின்னவன் கோட்டுக்கு வெளியே குந்தியிருந்து, யாருடைய கைக்குப் பந்து வந்தாலும் "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று கத்த ஆரம்பித்தான். முதலில் பிள்ளைகளுக்கு எரிச்சல். பிறகு பார்த்தால் அவன் "மூண்டு" சொல்ல முதல் பந்து எல்லாருடைய கையையும் விட்டுப் போய்விடுகிறது! அக்கா இப்போது ஒரு நாளும் தவறுவதில்லை, அவன்தான் அவளை இழுத்துக்கொண்டு வருகிறான்.

அடுத்தது சாப்பாடு. இதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை, எனக்கு அதில் சரியான கவலை. பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடுகிறது, வெயில் தணிய மூன்றரைக்குத்தான் பயிற்சி தொடங்கலாம், தூரத்துப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் வர வழி இல்லை. இடைவேளைக்குச் சாப்பிட்டதோடு வகுப்பறையில் காத்திருந்துவிட்டு ஓட வருகிறார்கள். அந்தப் பிள்ளையைப் பார்த்து "ஓடு, ஓடு" என்று கத்தி என்ன பிரயோசனம்? கடைசிக் கால்பகுதியில் பந்து கையை விட்டு நழுவுகிறது என்றால் முதலில் வயிற்றைப் பற்றிக் கேளுங்கள். எங்களுக்கு இங்கே கச்சானுக்கும் பயறுக்கும் குறைவில்லை. தாய்மார் முறை வைத்து அவித்துக் கொண்டுவந்து தருகிறார்கள், கூடவே உப்பும் சீனியும் போட்ட தேசிக்காய்த் தண்ணீர். பெரிய செலவு ஒன்றும் இல்லை.

அந்தத் தாய்மாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது 16 வயதுக்குட்பட்ட அணியில் நிற்கிற பிள்ளைகள் எல்லாரும் 2009 இடப்பெயர்வை அறியாதவர்கள், ஆனால் அவர்களுடைய அம்மாமார் பலருக்குப் பள்ளிக்கூட வயதே ஊர் ஊராகப் போனதில் கரைந்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா ஒரு நாள் என்னிடம், "ரீச்சர், என்ர மகள் ஏன் வளையத்துக்குக் கிட்டப் போறாள் இல்லை, பயப்பிடுறாளோ?" என்று கேட்டார். மகள் விங் அட்டாக், கோல் போடுகிறவர்களுக்குப் பந்து எடுத்துக் கொடுக்கிற இடம். வளையத்துக்கு முன்னால் கீறியிருக்கிற கோல் வட்டத்துக்குள் அவள் கால் வைக்கக் கூடாது, தாக்குகிற பக்கத்தில் கோல் ஷூட்டரும் கோல் அட்டாக்கும் மட்டும்தான் உள்ளே போகலாம் என்று மண்ணில் கீறிக் காட்டினேன். இப்போது மற்ற அம்மாமாருக்கு அவர்தான் சட்டம் விளக்குகிறார். பெற்றோர் கூட்டம் வைத்து "ஒத்துழைப்புத் தாருங்கள்" என்று கேட்பதை விட இது எவ்வளவோ மேல்.

விளையாட்டுப் பக்கம் ஒரு விசயம். எல்லாரும் இலங்கை அணியின் நெட்டையான கோல் ஷூட்டர் தர்ஜினி சிவலிங்கத்தைப் பார்த்துவிட்டு உயரமான பிள்ளையைத் தேடுகிறார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, 2018 இல் சிங்கப்பூரில் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோது வளையத்துக்குக் கீழே நின்றவர், எங்கள் பிள்ளைகளுக்கு அவர் என்றால் உயிர். ஆனால் ஆறடிக்கும் மேலே, எட்டிப் பிடிக்கிற உயரத்துக்குப் பந்தைத் துல்லியமாகத் தூக்கிக் கொடுக்க ஆள் இல்லாவிட்டால் உயரம் சும்மா நிற்கும். பந்தைக் கொண்டுவந்து கொடுக்கிற எங்கள் சென்டரையும் விங் அட்டாக்கையும் எதிரணி மறித்தால் ஆட்டம் முடிந்தது. ஆகவே கட்டையான பிள்ளை என்று ஒருத்தியையும் திருப்பி அனுப்பாதீர்கள், வேகமான கண்ணும் நேரான கையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கிரவல் தரையில் பழக்குகிறவர்கள் கவனம். பந்தைப் பிடித்த பிறகு ஊன்றின காலை இழுக்கச் சட்டம் விடாது என்பதால் பிள்ளை சட்டென்று நிற்கப் பார்ப்பாள், சிறுகல் வழுக்கும், முழங்கால் உரிந்துவிடும். தொடங்க முதல் தண்ணீர் தெளியுங்கள், முழங்காலை மடித்து இரண்டு காலிலும் சேர்ந்து இறங்குவதை முதல் கிழமையே பழக்குங்கள்.

அப்புறம், வெளியூர்ப் போட்டி. வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போனால் எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டுக்குச் சொல்லிவிட்டுப் போங்கள், பிந்தினால் ஒவ்வொரு வீட்டுக்கும் நீங்களே போன் எடுங்கள், பிள்ளைகளிடம் விடாதீர்கள். ஒரு தரம் சொல்லாமல் இருட்டினால் அடுத்த போட்டிக்கு அந்தப் பிள்ளை வரமாட்டாள், அதற்கு அந்த வீட்டைக் குறை சொல்ல முடியாது.

இறங்கிற பயிற்சியை அடுத்த காணொளியில் பிள்ளைகளை வைத்தே செய்து காட்டுகிறேன். மாரி தொடங்கினால் இந்த மைதானத்தில் தண்ணீர் நிற்கும், அதற்கு முதல் எடுத்துப் போட்டுவிடுகிறேன்.