பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தவர்

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, மனசாட்சியை வீட்டில் வைத்துவிட்டு எதிரணியில் வந்து உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். (மனசாட்சி இருப்பதே வீட்டில்தான். என் கட்சிக்கு அது முதல் சான்று.)

நல்ல கணவராக, நல்ல தகப்பனாக, ஆலயம் தவறாதவராக வாழ்ந்து மறைந்த ஒருவரை நினைவுகூரும்போது, அவர் யார் என்பதைச் சரியாகக் காட்டுவது ஆலயமா, வீடா? இதுதான் தலைப்பு. நான் வீடு என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு கணக்குப் போட்டார். வருஷத்துக்கு 52 ஞாயிறு, 40 வருஷம் தவறவில்லை, ஆக 2,080 ஆராதனை, இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் என்று கேட்டார். நானும்தான் கைதட்டினேன், பெருக்கல் சரியாக இருந்தது. அதோடு நிற்காமல், வீட்டார் பேசுவது பாசத்தில் பேசுவது, சபை சொல்வதுதான் நடுநிலை என்றும் ஒரு போடு போட்டார்.

முதலில் அந்த 40-ஐப் பார்ப்போம். வேதாகமத்தில் ஏலி என்று ஓர் ஆசாரியர். அவரும் இஸ்ரவேலை நியாயம் விசாரித்தது 40 வருஷம். ஆலயத்தின் வாசல் நிலையண்டையில் அவருக்கு ஓர் ஆசனமே உண்டு. வருகைப் பதிவேடு என்று ஒன்று அப்போது இருந்திருந்தால் அவரை அடிக்க ஆளே கிடையாது. ஆனால் ஏலி என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? பிள்ளைகள். ஜனங்கள் கொண்டுவந்த பலியில் கைவைத்த ஓப்னி, பினெகாஸ் என்ற இரண்டு பிள்ளைகள். ஆலயத்தில் 40 வருஷம் இருந்தவருடைய கதையை எழுதி முடித்தது அவர் வீடு.

அடுத்தது, வீட்டார் பாசத்தில் பேசுவார்கள் என்பது. சொல்கிறவருக்குக் கல்யாணமாகிவிட்டதா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. சபை ஒருவரைப் பார்ப்பது குளித்து, தலைவாரி, இஸ்திரி போட்ட சட்டையில், வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம். சாவியை எங்கோ வைத்துவிட்டு வீட்டிலுள்ள எல்லோரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற அதே மனிதரைச் சபை பார்த்ததே இல்லை. வீடு தினமும் பார்த்திருக்கிறது. நல்லடக்க ஆராதனையில் சொல்லப்படும் புகழுரைகளைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். பக்தியுள்ளவர், அன்பானவர், எளிமையானவர். பெயரை மட்டும் மாற்றினால் அடுத்த வாரத்துக்கும் அப்படியே ஆகும். வீட்டுக்குப் போய்க் கேட்டால் வேறு மனிதர் கிடைப்பார். "கோபம் பொசுக்கென்று வரும். அரை மணி கழித்து வந்து, சாப்பிட்டாயா என்று கேட்பார். அதுதான் அவர் கேட்கும் மன்னிப்பு." இதைச் சொல்ல அவரோடு வாழ்ந்திருக்க வேண்டும்.

இது என் சொந்தச் சரக்கு இல்லை, நடுவர் அவர்களே. சபையில் கண்காணிப்புப் பொறுப்பை யாருக்குத் தரலாம் என்று சபைகளை நிறுவிய அப்போஸ்தலர் பவுல் தம் உடன் ஊழியர் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். தன் சொந்தக் குடும்பத்தை நடத்தத் தெரியாதவன் தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான் என்று கேட்கிறார். அதாவது, ஆலயத்தில் வேலை தருவதற்கு முன் வீட்டில் விசாரி என்கிறார். எதிரணியின் முக்கியச் சாட்சியே என் பக்கம் வந்துவிட்டார்.

இப்போது யோசேப்புக்கு வருகிறேன். இயேசுவின் தாய் மரியாளின் கணவர். நான்கு சுவிசேஷங்களையும் தேடுங்கள், அவர் வாய்திறந்து பேசியதாக ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு முன்னால் பேசிய சகோதரி, அவர் வருஷந்தோறும் பஸ்கா பண்டிகைக்கு எருசலேம் போனவர் என்பதைப் பிடித்துக்கொண்டார். உண்மைதான், போனார். ஆனால் லூக்கா எந்தப் பயணத்தை விரித்துச் சொல்கிறார்? பண்டிகை முடிந்து ஒருநாள் தூரம் வந்த பிறகு, 12 வயதுப் பிள்ளையைக் காணோம். உறவுக்காரர்களிடம் தேடி, கிடைக்காமல், திரும்பவும் எருசலேமுக்கு ஓடுகிறார்கள். மூன்று நாளுக்குப் பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள். அந்த முறை யோசேப்பு ஆலயத்துக்குப் போனது பண்டிகைக்கு இல்லை, பிள்ளையைத் தேடிப் போனார். கிடைத்தது ஆலயத்தில்தானே என்று சகோதரி கையைத் தூக்குவது தெரிகிறது. சரி, ஆலயத்தில்தான். ஆனால் அங்கே மரியாள் என்ன சொல்கிறார்? "உன் தகப்பனும் நானும் விசாரத்தோடே உன்னைத் தேடினோமே." அந்த மூன்று நாளில் யோசேப்பு பட்ட பாட்டுக்கு இருக்கிற ஒரே சாட்சி, மனைவி சொன்ன இந்த ஒரு வரி. அதற்குப் பிறகு அவர் கதையில் வருவதே இல்லை.

பிரான்சில் லூயி மார்ட்டின் என்று ஒரு கடிகாரக்காரர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறக்கவே மாட்டார், அது எதிரணிக்குச் சாதகம்தான், நானே சொல்லிவிடுகிறேன். ஒன்பது பிள்ளைகளில் நான்கு பேரைச் சிறுவயதிலேயே இழந்தவர். 1877-இல் மனைவி செலியும் புற்றுநோயில் இறந்தார். மிச்சம் ஐந்து பெண்கள், கடைக்குட்டிக்கு நான்கு வயது. மனிதர் என்ன செய்தார்? பிள்ளைகளுக்கு ஒரு பெண்துணை வேண்டும் என்று, அலான்சோன் ஊரை விட்டு, மனைவியின் தம்பி குடும்பம் இருந்த லிசியுவுக்குக் குடிபெயர்ந்தார். 2015 அக்டோபர் 18-ஆம் தேதி கத்தோலிக்கத் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தது. தனியாகக் கொடுக்கவில்லை, மனைவியோடு சேர்த்து, தம்பதியராகக் கொடுத்தது. திருச்சபையே அவரை அவர் வீட்டோடு சேர்த்துத்தான் நினைக்கிறது. எதிரணிக்கு ஏன் அவ்வளவு கூச்சம்?

அவரை அப்படி ஆக்கியதே ஆலயம்தானே என்று கேட்பீர்கள். இருக்கட்டும், நான் மறுக்கப்போவதில்லை. ஞாயிறுதோறும் முழங்காலில் நின்றதுதான் திங்கட்கிழமை பொறுமையாக வந்திருக்கும். ஆனால் அந்தத் திங்கட்கிழமையைப் பார்த்தது யார்?

கடைசியாக என் அப்பா. இரண்டு நிமிடம் கொடுங்கள்.

எங்கள் ஆலயத்தில் பின்னாலிருந்து மூன்றாவது பெஞ்சின் ஓரம் அப்பாவுடையது. முன்னால் எவ்வளவு இடம் இருந்தாலும் போகமாட்டார். அவருடைய நல்லடக்கத்தில் போதகர் இதைக் குறிப்பிட்டு, இயேசு சொன்ன கதையில், தன்னைப் பாவி என்று தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரனை, அதாவது வரி வசூலிப்பவனைப் போன்ற தாழ்மை என்று பேசினார். சபையே அழுதது. நானும் அழுதேன். வீட்டுக்கு வந்து, போதகர் எவ்வளவு அழகாகச் சொன்னார் என்று அம்மாவிடம் சொன்னபோது, அம்மா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

"தாழ்மையெல்லாம் இல்லை. உன் தம்பிக்குச் சின்ன வயதில் இளைப்பு இருந்ததே. இழுக்க ஆரம்பித்தால் உடனே தூக்கிக்கொண்டு வெளியே போகத்தான் ஓரத்தில் உட்கார்ந்தார்."

தம்பிக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது, அப்புறமும் ஏன் அங்கேயே உட்கார்ந்தார் என்று கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார். "என்னால் ஒரே இடத்தில் ரொம்ப நேரம் உட்கார முடியாது. எழுந்து போகக் கூச்சமாக இருக்கும். அதனால் அவர் முதலில் எழுந்து போவார். அவர் பின்னாலேயே நானும் போய்விடுவேன். அவருக்குத்தான் உட்காரமுடியவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொள்ளட்டும் என்பார்."

எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள், நடுவர் அவர்களே. பிரசங்கத்தின் நடுவில் எழுந்து போகிறீர்களே, சின்னப் பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று சபை மூப்பர் ஒருவர் அப்பாவைக் கண்டித்ததை நானே கேட்டிருக்கிறேன். "சரிங்க ஐயா" என்றார் அப்பா. அடுத்த ஞாயிறும் பிரசங்கத்தின் நடுவில் எழுந்தார்.

மணி அடித்துவிட்டார்கள். நன்றி, வணக்கம்.