பல்லும் ஈறும் சேரும் ஓரம்

நேயர்களுக்கு வணக்கம். பல் துலக்குவதைப் பற்றி வானொலியில் பேசப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். "அதில் பேச என்ன இருக்கிறது?" என்றார் அம்மா. ஒரு பல் மருத்துவரைப் பெற்றவர் கேட்கிற கேள்வி இது.

முடிந்தால் எழுந்து போய் உங்கள் பிரஷ்ஷை எடுத்து வாருங்கள். வானொலிதானே, நடந்துகொண்டே கேட்கலாம். வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் இழைகள் இரண்டு பக்கமும் விரிந்து, மழையில் நனைந்த கோழி மாதிரி இருக்கிறதா? அப்படியானால் பாத்திரம் தேய்க்கிற வேகத்தில் பல்லைத் தேய்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

என்னிடம் வருகிறவர்களில் சிலருக்குப் பல் வெள்ளை வெளேரென்று இருக்கும். உதட்டை விலக்கிப் பார்த்தால், கோரைப்பல்லிலும் அதற்கு அடுத்த பற்களிலும் ஈறை ஒட்டிக் கோடரியால் கொத்தியது போல ஒரு பள்ளம். வலது கைக்காரர்களுக்குப் பெரும்பாலும் இடது பக்கம்தான், கை பலமாக இறங்குவது அங்கேதான். "தண்ணீர் பட்டால் சுரீர் என்கிறது டாக்டர்" என்பார்கள். பல்லின் வெளி உறையான எனாமல் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். ஆனால் ஈறை நெருங்க நெருங்க மெலிந்துவிடும். அதற்குக் கீழே வேரின்மேல் எனாமலே கிடையாது. எலும்பு முறிந்தால் கூடிவிடும். எனாமல் போனால் போனதுதான், அதை உண்டாக்கிய செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன.

வேடிக்கை என்னவென்றால், அதே ஆளின் கீழ்வரிசை முன்பற்களுக்குப் பின்னால் நாக்கை வைத்தால் சொரசொரவென்று இருக்கும். அதுதான் காரை, கல்லாகிப் படிந்த அழுக்கு. கண்ணாடியில் தெரிகிற இடத்துக்கு இரட்டிப்பு உழைப்பு, தெரியாத இடத்துக்கு ஒன்றுமே இல்லை.

நாம் எடுக்க வேண்டிய அழுக்கு, கிருமிகள் சேர்ந்து படிகிற ஒரு மெல்லிய படலம். வழவழவென்று இருக்கும், விரல் நகத்தால் சுரண்டினாலே வந்துவிடும். பலம் தேவையே இல்லை. சில நாள் விட்டுவிட்டால் உமிழ்நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் இறங்கிக் கல்லாகிவிடும். அப்புறம் எந்த பிரஷ்ஷும் அதை அசைக்காது. இந்தப் படலம் அதிகம் தங்குவது பல்லும் ஈறும் சேருகிற ஓரத்தில். அந்த ஓரத்தைத் துலக்கத்தான் சார்ல்ஸ் பாஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1940களின் கடைசியில் ஒரு முறையைச் சொன்னார். அவர் பல் மருத்துவர்கூட இல்லை, மலேரியா போன்ற வெப்பமண்டல நோய்களை ஆராய்ந்தவர். இன்றும் அதைத்தான் கொஞ்சம் மாற்றிச் சொல்லிக்கொடுக்கிறோம்.

சரி, பிரஷ்ஷைப் பேனா பிடிப்பது போலப் பிடியுங்கள். முஷ்டியில் பிடித்தால் அழுத்தம் தானாக வந்துவிடும். மென்மையான இழை உள்ள பிரஷ்தான் வேண்டும். இழைகளைச் சாய்த்து, பாதி ஈறிலும் பாதி பல்லிலும் படும்படி வையுங்கள். மேல்வரிசைக்கு இழை மேல்நோக்கி, கீழ்வரிசைக்குக் கீழ்நோக்கி. வைத்த இடத்திலேயே சின்னச் சின்னதாக அசையுங்கள், பத்துப் பதினைந்து தடவை. பிறகு பல்லின் நுனியை நோக்கி வழித்துவிட்டு, அடுத்த இரண்டு மூன்று பற்களுக்கு நகருங்கள். வெளிப்பக்கம், உள்பக்கம், மெல்லும் பக்கம் என்று ஒரு சுற்று முடிக்க இரண்டு நிமிடமாவது ஆகும். சினிமாப் பாட்டில் பாதி. நான் சொல்வது, உள்பக்கத்தில் ஆரம்பியுங்கள். கடைசியில் வைத்தால் அது எப்போதும் விட்டுப்போகும்.

ஈறில் ரத்தம் வந்தால் அந்த இடத்தைத் தொடாமல் விடுகிறார்கள். அழுக்கு தங்கி வீங்கியதால்தான் பெரும்பாலும் ரத்தம் வருகிறது. மெதுவாக, ஆனால் விடாமல் துலக்குங்கள். இரண்டு வாரத்தில் நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்பார்கள். வேல் என்றால் கருவேலம், பலரும் வேம்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். குச்சியை நன்றாக மென்று துலக்குகிறவரை நான் தடுப்பதில்லை. உள்பக்கம் எட்டாது என்பதுதான் குறை. கரியும் செங்கல் பொடியும் மட்டும் வேண்டவே வேண்டாம். புகையிலை கலந்த பல்பொடிக்கு 1992லேயே அரசு தடை போட்டுவிட்டது.

பேஸ்ட்டை விளம்பரத்தில் அலை அலையாகப் பிதுக்குவார்கள். பெரியவர்களுக்கே பட்டாணி அளவு போதும். மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஓர் அரிசி அளவு. பேஸ்ட்டில் சொத்தையைத் தடுக்க ஃபுளோரைடு என்ற உப்பு இருக்கிறது என்றால், தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் உடனே கேட்பார்கள்: "ஃபுளோரைடால்தானே எங்கள் பல்லெல்லாம் பழுப்பேறியது?" நியாயமான கேள்வி. அது ஃபுளோரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை வருடக்கணக்கில் குடித்ததால் வந்தது. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. பேஸ்ட்டைத் துப்பிவிடுகிறோம், விழுங்குவதில்லை. குழந்தைகள் விழுங்குவார்கள் என்பதால்தான் அரிசிக் கணக்கு. துப்பிய பிறகு சொம்பு சொம்பாகக் கொப்பளிக்காதீர்கள், கொஞ்சம் ஃபுளோரைடு பல்லில் தங்கட்டும்.

காலையில் துலக்காதவரை எல்லாரும் ஒருமாதிரி பார்ப்பார்கள். ராத்திரி துலக்காதவரை யாரும் கேட்பதில்லை. தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பது குறைந்துவிடும், பல்லுக்கு இருக்கிற இயற்கையான காவல் அதுதான். ஒரு வேளைதான் முடியும் என்றால் ராத்திரி வேளையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. ஆறு வயதையொட்டி, பால்பல் எதுவும் விழாமலே, வரிசையின் கடைசியில் ஒரு நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கும். இதுவும் பால்பல்தான், விழுந்து முளைக்கும் என்று பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். சொத்தையான பிறகுதான் எங்களிடம் வருகிறது. வீட்டில் அந்த வயதுக் குழந்தை இருந்தால் இன்று ராத்திரி செல்போன் வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். கன்னத்தை ஒட்டி, மற்றவற்றைவிடப் பெரிதாக, மேடும் பள்ளமுமாக ஒன்று எட்டிப் பார்த்தால் அதுதான். பிரஷ்ஷைக் குறுக்குவாட்டில் விட்டு, அதை மட்டும் நீங்களே துலக்கிவிடுங்கள். வணக்கம்.