குதிகால் தரையைத் தொடட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

மும்பையில் மழை தொடங்கிப் பத்து நாள்கள் ஆனதும், மாட்டுங்காவில் உள்ள என் இயன்முறை சிகிச்சை அறைக்கு ஒரு குறிப்பிட்ட நடையோடு சிலர் வரத் தொடங்குவார்கள். முழங்காலை மடக்காமல், குதிகாலை ஊன்றப் பயந்து, வாத்தைப்போல அசைந்து வந்து, நாற்காலியில் உட்காருவதற்குள் இரண்டு முறை "அப்பா" என்பார்கள். எங்கும் விழுந்தவர்கள் அல்லர். நேற்றுவரை ஃபைவ் கார்டன்ஸிலோ சிவாஜி பார்க்கிலோ காலையில் நடந்துகொண்டிருந்தவர்கள். மழையால் வீட்டுக்குள் முடங்கி, கைபேசியில் 20 நிமிடக் காணொளி ஒன்றைப் பார்த்து, அதில் வருபவர் குதித்தபோதெல்லாம் தாமும் குதித்தவர்கள். அவர்கள் அனைவருக்கும் வலிக்கும் இடம் ஒன்றுதான்: ஆடுசதை.

கெண்டைக்கால் என்றும் அதைச் சொல்கிறோம். கெண்டை மீனின் வயிற்றைப்போலப் புடைத்திருப்பதால் அந்தப் பெயர் என்று என் பாட்டி சொல்வார். பாட்டியின் சொல்லாராய்ச்சிக்கு நான் பொறுப்பேற்கவில்லை, ஆனால் உவமை பொருத்தமானது. அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தசைகள் இருக்கின்றன. மேலே கைக்குத் திரண்டு கிடைப்பது காஸ்ட்ராக்னீமியஸ், அதன் அடியில் தட்டையாகப் படிந்திருப்பது சோலியஸ். மேலே உள்ளது முழங்காலைத் தாண்டித் தொடை எலும்பில் தொடங்குகிறது, அடியில் உள்ளது முழங்காலுக்குக் கீழேயே தொடங்குகிறது. இரண்டும் சேர்ந்து அக்கிலிஸ் என்னும் தடித்த தசைநாணாக இறங்கிக் குதி எலும்பைப் பிடித்துக்கொள்கின்றன. இந்த வேறுபாடு பிறகு தேவைப்படும், நினைவில் இருக்கட்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் செம்பூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். வங்கியில் வேலை, வயது ஐம்பதுக்குச் சற்றுக் குறைவு, மூன்றாம் மாடியில் வீடு. என் அறை முதல் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. எப்படியோ ஏறி வந்துவிட்டார். இறங்கும்போது கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பின்புறமாகத் திரும்பி, கிணற்றில் இறங்குபவரைப்போல ஒவ்வொரு படியாக இறங்கினார். அதைக் கண்டு நானே மறுபடியும் மேலே அழைத்தேன்.

"என்னம்மா, வீட்டில் எப்படிக் குதித்தீர்கள்? ஒரு நிமிடம் செய்து காட்டுங்கள்" என்றேன்.

"அதுதான் சார் வேடிக்கை. முதல் நாள் சாதாரணமாகத்தான் குதித்தேன். கீழ் வீட்டில் வயதான குஜராத்தி பாட்டி இருக்கிறார், துடைப்பக் கட்டையால் மேலே தட்டிவிட்டார். எங்கள் குடியிருப்புச் சொசைட்டியின் குழுவிலும் செய்தி வந்துவிட்டது. மறுநாளிலிருந்து சத்தமே வராமல் பழகிக்கொண்டேன்" என்றார். அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது.

சத்தமே வராமல் என்ற சொல் என் காதில் விழுந்ததும் எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. அறையில் இருந்த முகப்பவுடர் டப்பாவை எடுத்து, மொசைக் தரையில் ஒரு சதுரமாகத் தூவி, சுவரைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் நின்ற இடத்திலேயே மெதுவாக ஓடச் சொன்னேன். ஒரு நிமிடம் கழித்து அவரை விலகச் சொல்லிவிட்டு இருவரும் குனிந்து பார்த்தோம். பத்து விரல்களின் அச்சும் முன்பாதத்தின் அச்சும் தெளிவாக இருந்தன. குதிகால் விழவேண்டிய இடத்தில் பவுடர் துளியும் கலையாமல் வெள்ளையாகக் கிடந்தது. கிருஷ்ண ஜயந்திக்கு வாசலிலிருந்து பூஜை அறைவரை மாவால் இடுகிறோமே, அந்தப் பிஞ்சுப் பாதங்களுக்குக்கூடக் குதிகால் உண்டு, இந்த அம்மாவின் பாதத்துக்கு இல்லை. அவர் விழுந்து விழுந்து சிரித்தார், சிரித்த வேகத்தில் காலை உதறி, உடனே வலியில் முகம் சுளித்தார்.

கீழ் வீட்டுக்காரருக்காக நுனிக்காலில் குதிப்பது நல்ல அண்டை வீட்டுப் பண்பு. அதன் விலையை முழுவதும் ஆடுசதை கொடுக்கிறது. நிமிடத்துக்கு 100 முறை என்று வைத்துக்கொண்டாலும் 10 நிமிடத்தில் உடல் 1000 முறை தரையில் இறங்குகிறது. ஓடும்போது சோலியஸ் தசை தாங்கும் விசை உடல் எடையைப்போல ஆறு மடங்குக்கும் மேல் போகக்கூடும். குதிகால் கடைசிவரை தரையைத் தொடாவிட்டால், அந்த ஆயிரம் முறையும் சுமையைப் பிடித்து நிறுத்துவது ஏறத்தாழ இந்த இரண்டு தசைகள் மட்டுமே. அதுவும் வெறுங்காலில், கொஞ்சமும் நெகிழாத டைல்ஸ் தரையில்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தசை சுருங்கி வேலை செய்வது ஒரு வகை, நீண்டுகொண்டே சுமையைத் தாங்குவது இன்னொரு வகை. கிணற்றிலிருந்து குடத்தை இழுப்பது முதல் வகை என்றால், நிறைகுடத்தைக் கயிறு நழுவாமல் மெல்ல மெல்லக் கீழே விடுவது இரண்டாம் வகை. கை எரிவது விடும்போதுதான். பழனி மலையின் 693 படிகளில் ஏறும்போது மூச்சுத்தான் வாங்கும், இறங்கியதற்கு மறுநாள் காலையில்தான் கால் பேசும். குதித்து இறங்கும் ஒவ்வொரு முறையும் ஆடுசதை நீண்டுகொண்டே நம்மைத் தாங்குகிறது. பழகாத தசை அப்படித் தாங்கும்போது அதன் நார்களில் கண்ணுக்குத் தெரியாத சிதைவு ஏற்பட்டு, அதைச் சரிசெய்ய உடல் தொடங்கும் வேலையோடு சேர்ந்து வலியும் வருகிறது. அதனால்தான் அது அன்றே வருவதில்லை. 12 மணி நேரத்துக்குப் பிறகு தலைகாட்டி, இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும்.

"வாயு பிடித்துக்கொண்டது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். படித்தவர்கள் "லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது" என்பார்கள். இரண்டும் ஒரே அளவுக்குத்தான் சரி. பயிற்சியில் உண்டாகும் லாக்டிக் அமிலம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து அகன்றுவிடும், அது மூன்றாம் நாள்வரை உட்கார்ந்திருந்து வலிக்கச் செய்வதில்லை. தியடோர் ஹஃப் என்னும் அமெரிக்க உடலியலாளர், தாமதமாக வரும் இந்த வலி தசைக்குள் ஏற்படும் சிறு கிழிசல்களால் வருவது என்று 1902ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். நூற்றாண்டு கடந்தும் உடற்பயிற்சிக் கூடங்களில் அமிலக் கதை ஓயவில்லை.

வலி வந்துவிட்டது, என்ன செய்வது? படுத்துவிடாதீர்கள். வீட்டுக்குள்ளேயே பத்துப் பதினைந்து நிமிடம், குதிகாலை ஊன்றி, மெதுவாக நடங்கள். முதல் இருபது அடிகள் கடினமாக இருக்கும், பிறகு இளகும். வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும். நல்லெண்ணெய் தடவிக் கணுக்காலிலிருந்து முழங்காலை நோக்கி மெல்ல நீவிவிடலாம், பூரிக்கட்டையைச் சதையின்மேல் உருட்டினாலும் சற்று ஆறுதல் கிடைக்கும். செம்பூர் அம்மாவின் மாமியார், அந்தக் கட்டை திரும்பச் சமையலறைக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டாராம், ஆகவே தனியாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வலி முற்றிலும் போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கைப்பிடியைப் பற்றாமல் மாடிப்படியில் நேராக இறங்க முடிகிற நாளில், முன்பு செய்ததில் பாதி அளவோடு மறுபடி தொடங்கலாம். ஒருமுறை வலித்துத் தேறிய தசைக்கு அதே வேலை அடுத்த சில வாரங்களுக்கு அவ்வளவு வலியைத் தருவதில்லை, தசை அந்தப் பாடத்தை நினைவில் வைத்துக்கொள்கிறது.

சுவரில் கையூன்றித் தசையை நீட்டும் பயிற்சியைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2011இல் 12 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பயிற்சிக்கு முன்னோ பின்னோ அப்படி நீட்டுவதால் வலி குறையும் அளவு மிகச் சொற்பம் என்றே தெரிந்தது. கணுக்கால் இறுகியிருந்தால் அதை இளக்கச் செய்யுங்கள், இந்த வலிக்கு மருந்தாக நம்பிச் செய்யாதீர்கள்.

எண்ணெய் தேய்ப்பதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள், இதைச் சொல்லாமல் நான் போகக்கூடாது. குதித்ததால் வரும் வலி பெரும்பாலும் இரண்டு காலிலும் வரும். ஒரு காலில் மட்டும் வலி, வீக்கம், சூடு, சிவப்பு இருந்தால், அதிலும் சென்னைக்கு ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும் உட்கார்ந்து போய்வந்த பிறகோ, அறுவை சிகிச்சைக்குப் பிறகோ வந்திருந்தால், காலின் ஆழத்தில் ஓடும் சிரையில், அதாவது இரத்தக் குழாயில், இரத்தம் உறைந்திருக்கலாம். தையல் நாடாவால் இரண்டு ஆடுசதைகளையும் ஒரே உயரத்தில் அளந்து பாருங்கள். வேறுபாடு 3 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் தேய்க்காதீர்கள், அன்றே மருத்துவரிடம் போங்கள். அளவில் வேறுபாடு இல்லாவிட்டாலும் மற்ற அறிகுறிகள் இருந்தால் போகத்தான் வேண்டும். கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் நேராக மருத்துவமனைக்கு. குதிக்கும்போது யாரோ பின்னால் கல்லெறிந்ததுபோலச் சட்டென்று வலித்து, நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால், அது தசையோ தசைநாணோ அறுந்ததாக இருக்கலாம். சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனால் தசை அளவுக்கு மீறிச் சிதைந்திருக்கிறது, காத்திருக்கக் கூடாது. கொலஸ்டிராலுக்காக ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுபவர்களும், குறிப்பிட்ட தூரம் நடந்தால் கால் வலித்து, நின்றால் அந்த வலி நீங்குகிற சர்க்கரை நோயாளிகளும் புகைப்பவர்களும் இதைக் குதித்த வலி என்று தாமே முடிவுசெய்துவிட வேண்டாம்.

இனி, வலி வராமலே செய்வதற்கு வருவோம். குதிகால் தரையைத் தொடட்டும். முன்பாதம் முதலில் இறங்கட்டும், உடனே முழங்காலைச் சற்று மடக்கிக் குதிகாலை மெல்ல வையுங்கள். முழங்கால் மடங்கினால் தொடையும் இடுப்பும் சுமையில் பங்கு கொள்ளும், சத்தமும் குறையும். செம்பூர் அம்மா இப்படித்தான் மாற்றிக்கொண்டார். கயிறு தாண்டுபவர்கள் கயிறு நுழையும் அளவுக்கு, இரண்டு விரல் உயரம் மட்டுமே எழும்பினால் போதும். முதல் வாரம் ஐந்து நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள். இடைப்பட்ட நாளில் கால் தரையிலேயே இருக்கும் பயிற்சிகளைச் செய்யுங்கள்.

கண்ணாடிக்கு அப்பால் வானொலி நிலைய நண்பர், இரண்டு நிமிடம்தான் பாக்கி என்று இரண்டு விரலைக் காட்டுகிறார். காலணியைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதி வந்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். வீட்டுக்குள் செருப்பா என்று கேட்பீர்கள். வெளியே ஒருநாளும் போடாத, குதிப்பக்கம் சற்று உயர்ந்த ஓட்டக் காலணி ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். பாதம் அமிழ்ந்து ஆடும் தடித்த மெத்தை வேண்டாம்.

கடைசியாக ஒரு பயிற்சி. சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு நொடியில் நுனிக்காலில் எழும்பி, மூன்று நொடியில் இறங்குங்கள். முழங்காலை நேராக வைத்து ஒரு சுற்று, சற்று மடக்கி ஒரு சுற்று. நேராக வைத்தால் மேல் தசை, மடக்கினால் அடித்தசை. மேல் தசை முழங்காலைத் தாண்டித் தொடங்குகிறது என்று முன்பு சொன்னேனே, மடக்கினால் அது தளர்ந்துவிடும். வாரம் மூன்று நாள் செய்து, ஒற்றைக் காலில் 20 முறை தடுமாறாமல் எழும்பி இறங்க முடிந்த பிறகு கயிற்றை எடுங்கள். மேடையில் குக்கர் இருக்கும்போது செய்ய வேண்டாம்.

ஒரு விரல்தான் தெரிகிறது. வணக்கம்.